கன்னி பிரிக்கிற வீடு

ஈ அறைக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற நீங்களும் சுளித்தீர்கள். புளித்த பழமும் வெல்லமும் கலந்த அந்த வாசனை எனக்கு மட்டும் முதல் நாளே பிடித்துப்போனது. பெரிய காரணம் ஒன்றுமில்லை, நான் அங்கே வந்து சேர்ந்தபோது பசியில் இருந்தேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். கொத்தமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வானம் பார்த்த நிலம் இருந்தது. நாங்கள் வானத்தைப் பார்த்தோம், வானம் எங்களைப் பார்க்கவில்லை. லாரியில் கிளீனராக ஓடினேன். தூத்துக்குடியில் உப்பு வாரினேன். நாகபுரியில் ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு ஆணி அடித்தேன். ஒரு சர்க்கஸ் கம்பெனியில் யானைக்குத் தழை வெட்டிப் போட்டேன். கம்பெனி நொடித்தபோது யானைக்கு வேறு வேலை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தவன் வடக்கே ஒரு பெரிய ஊரில், மரபியல் ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் புதிதாகத் தொடங்கியிருந்த நிறுவனத்தில் பாட்டில் கழுவுகிறவனாகச் சேர்ந்தேன். இன்றைக்கு நீங்கள் மின்தூக்கியில் ஏறிப் போகிற அந்த நிறுவனம் அப்போது நாலு தகரக் கொட்டகையும் ஒரு பெயர்ப்பலகையும்தான். கொட்டகையைவிடப் பலகை பெரிது.

அங்கே தினமும் காலையில் ஒரு பெரிய பாத்திரத்தில் ரவையும் வெல்லமும் போட்டுக் கிண்டி ஆற வைப்பார்கள். ஊழியர்களுக்குக் காலைப் பலகாரம் போடுகிறார்கள், நல்ல மனுசர்கள் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் சாப்பிட்டேன். ஈ அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒருநாள் நான் கரண்டியை நக்குவதைப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு கல் உப்புப் போட்டால் நன்றாக இருக்கும் என்றேன். சாப்பிடப்போகிறவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வரிசை வரிசையாகக் கண்ணாடிப் பாட்டில்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பொடிப் பொடியாகப் பழ ஈக்கள், நான் ஒரு வாரமாகத் தின்ற அதே களியின்மேல் உட்கார்ந்திருந்தன. என்னை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து ஈக்குச் சமைக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். தான் சமைத்ததைத் தானே தின்கிறவன் அடிப்பிடிக்க விடமாட்டான் என்பது அவர் கணக்கு. ஒரு ஆள் தப்புச் செய்யும்போது பிடிபட்டால், அந்தத் தப்புக்குள் அவனுக்கான வேலை எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டுங்கள். எனக்கு அப்படி ஒருவர் பார்த்தார்.

ஈயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் கேட்பார்கள், அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். பழ ஈ பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை பார்த்துவிடும். மனுசரிடம் நூறு வருசம் காத்திருந்து பார்க்க வேண்டியதை ஈயிடம் ஒரு மழைக்காலத்துக்குள் பார்த்துவிடலாம். அதற்காகத்தான் இத்தனை படித்தவர்கள் அதன் பின்னால் அலைகிறார்கள்.

அறுபதுகளின் நடுவில் நிறுவனத்துக்கு ஒரு கேள்வி வந்தது. வெயில் தாங்குகிற குணம் அப்பன் ஆத்தாளிடமிருந்து பிள்ளைக்கு இறங்குமா? இதைப் பார்க்க வெயில் வேண்டும். வரைபடத்தை விரித்து, நாட்டில் எங்கெங்கோ தேடி, கடைசியில் காரைக்குடியில் கொண்டுவந்து விரலை வைத்தார்கள். எங்கள் பக்கத்து வெயிலுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரே மரியாதை அது. தமிழ் பேசுகிறவன் ஒருவன் கூட வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். ஊரைவிட்டு ஓடியவன் ஈ பாட்டிலோடு திரும்பி வந்ததைப் பார்த்து என் பங்காளிகள் ரொம்பச் சந்தோசப்பட்டார்கள். நிலத்தில் பங்கு கேட்கிற ஆளாக நான் தெரியவில்லை.

அந்தக் காரைக்குடிப் பிரிவுக்குத் தலைவர் டாக்டரம்மா. வங்காளத்துப் பெண், வயது முப்பதுக்குள். தமிழை என்னிடம் கற்றுக்கொண்டார், மீதியைப் புத்தகத்தில் கற்றுக்கொண்டார். அதனால் புத்தகத் தமிழும் எங்கள் ஊர்ப் பேச்சும் அவர் வாயில் ஒரே வாக்கியத்தில் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு வரும். ஒரு செட்டியார் வீட்டில் இரண்டாம் கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் பகுதியில், இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தோம். ரயில் நிலையம் மாதிரி வீடு. அதற்குச் சொந்தக்காரர்களான பங்காளிகள் பல ஊரில் இருந்தார்கள். எங்களுக்கு வாடகைக்கு விட்டவர் ஒரு பங்காளி.

அந்த அறைகளில் இரண்டு வருசம், தலைமுறை தலைமுறையாக, உச்சி வெயிலில் வைத்துப் பிழைத்த ஈக்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி டாக்டரம்மா ஒரு வரிசையை உண்டாக்கினார். வெள்ளைக் கண் ஈ. நாங்கள் வெயில்காரி என்று கூப்பிடுவோம். தலைமையகத்துக்கு இரண்டு தடவை மாதிரி அனுப்பினோம், இரண்டு தடவையும் ரயிலிலேயே அதன் களி காய்ந்து செத்துப்போனது. ஆக, உலகத்திலேயே அந்த வரிசை இருந்தது எங்கள் அலமாரியின் ஒரு தட்டில் மட்டும். சாதாரண வரிசையோடு இதைக் கலந்து, பிறக்கிற பிள்ளைகளும் தாங்குகின்றனவா என்று காட்டினால் பிரிவு நிற்கும், இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வரலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. இந்த வரிசை போனால் திரும்ப வராது.

கலப்புக்கு முதல் வேலை, கூட்டை விட்டு வெளியே வருகிற பெண் ஈயை ஆண் நெருங்குவதற்குள் பிரித்து எடுப்பது. சில மணி நேரம்தான் கிடைக்கும். விட்டால் அது யாருடைய பிள்ளையைச் சுமக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆணே பார்க்காத பெண் இடுகிற முட்டை பொரிக்காது. சரியான ஆணோடு விட்டபின் களியில் புழு நெளிந்தால் கலப்புப் பிடித்தது என்று அர்த்தம். இப்படிப் பிரித்தெடுத்த பெண் ஈக்கு வடக்கே ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்வார்கள். தமிழில் என்ன என்று டாக்டரம்மா கேட்டார். கன்னி என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குக் காலையில் கன்னி பிரிக்கிறது, மாலையில் கன்னி எண்ணுகிறது, பாட்டில் வயிற்றில் நீல மையில் கன்னி. ஒரு மாதத்தில் அந்தச் சொல்லுக்கு உலகத்தில் வேறு அர்த்தம் இருக்கிறது என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோனது. எல்லாத் தொழிலிலும் இது நடக்கும். ஒரு சொல்லை அறைக்குள் வளர்க்கிறோம். கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

சித்திரையில் ஒருநாள் வீட்டின் இன்னொரு பங்காளியான ஆச்சி மூன்று வண்டிச் சாமானோடு வந்து இறங்கினார். மகளுக்குக் கல்யாணம், பூர்வீக வீட்டில்தான் நடத்த வேண்டும், அவருக்கு உரிமை உண்டு. எங்களுக்கு வாடகைக்கு விட்டவர் இதைச் சொல்ல மறந்திருந்தார். எங்களைப் பற்றி ஆச்சியிடம் சொல்லவும் மறந்திருந்தார்.

ஆச்சி கெட்டவர் இல்லை. முதல்நாள் எங்களுக்கும் சேர்த்துத்தான் பணியாரம் சுட்டார். ஆனால் கல்யாணத்துக்கென்று வாழைத்தார்கள் வந்து தொங்கியதும் பொடி ஈக்கள் மொய்க்கத் தொடங்கின. ஆச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏப்பா, ஒங்க பிள்ளைக எல்லாம் எங்க பழத்துல வந்து உக்காந்திருக்காக. என்ன ஏதுன்னு கேக்க மாட்டீகளா?”

டாக்டரம்மா ஓடிவந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இவை சிவப்புக் கண், எங்களுடையவை வெள்ளைக் கண், ஆகவே இவை ஊர் ஈக்கள் என்று முறைப்படி விளக்கினார். ஆச்சி பொறுமையாகக் கேட்டார்.

“நல்லதும்மா. பந்தியில உக்காருறவுககிட்டயும் கண்ணாடியைக் குடுத்து, எந்தக் கண்ணு ஈ விழுந்திருக்குன்னு பார்த்துச் சாப்பிடச் சொல்லிருவோம்.”

மறுநாள் சம்பந்தி வீட்டார் பள்ளத்தூரிலிருந்து வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் போனதும் மலேரியாக்காரர்களைக் கூப்பிட்டு வீடு முழுக்க டி.டி.டி. அடிக்கப்போவதாக ஆச்சி சொன்னார். அந்தக் காலத்தில் காக்கிச் சட்டையும் பம்பும் வாளியுமாக வீடு வீடாக வந்து கொசுவுக்கு மருந்து அடிப்பார்கள், அதுவும் அரசாங்க வேலைதான். ஆக ஒரே வீட்டில் ஒரு இலாகா ஈயை வளர்க்க, இன்னொரு இலாகா கொல்ல வருகிறது. அந்த மருந்து சுவரில் ஒட்டினால் மாதக்கணக்கில் நிற்கும். அப்புறம் அந்த அறைக்குள் எங்கள் ஈ ஒன்றுகூடப் பிழைக்காது. டாக்டரம்மா கெஞ்சினார். நான் கெஞ்சினேன். கல்யாணம் முடியும்வரை ஒரு கட்டை விட்டுவிட்டு அடிக்கலாமே என்றோம். ஈ கட்டுப் பார்த்தா வருகிறது என்று ஆச்சி கேட்டார். வேறு இடம் தேட ஒருநாள்தான் இருந்தது. கல்யாண மாதத்தில் காரைக்குடியில் ஒரு காலி அறை கிடைப்பது கடினம். ஈ வளர்க்க என்று சொல்லிக் கேட்டால் அதுவும் கிடைக்காது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து, பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தோம். பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம் ஆகாது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

இதிலே கலப்புக்கு நாள் குறித்ததும் மறுநாள் காலையில்தான். கூடுகள் உடைகிற நாளை நாமா முடிவு செய்கிறோம்? காலையில் சம்பந்தி வீட்டார் வந்தபோது டாக்டரம்மா உள் அறையில் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். நான் வளவின் ஓரத்தில், வெளிச்சத்துக்காக, பாட்டில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். வளவு என்பது நடுவில் வானம் தெரிகிற முற்றமும் சுற்றிலும் தூணுமான கூடம். அங்கே ஒரு மூலையில் முணுமுணுத்தாலும் மறு மூலையில் கேட்கும். எதிர்ப்பக்கத்தில் ஜமக்காளம் விரித்துச் சம்பந்திகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தது தூண் மறைத்ததில் எனக்குத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து டாக்டரம்மா கணீரென்று கேட்டார்.

“அண்ணே, கன்னி எத்தனை தேறுச்சு?”

நானும் சத்தமாகத்தான் சொன்னேன். “வேணுங்கிறது தேறிருச்சும்மா. கடைசியா வந்தது ஒண்ணுதான் சந்தேகமா இருக்கு. ராத்திரி பூரா ஆண் பக்கத்துல இருந்திருக்கு.”

“சந்தேகம்னா கன்னியில சேர்க்காதீக. வெளிய விட்டுருங்க.”

எதிர்ப்பக்கத்தில் ஒரு டம்ளர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பச்சி, அதாவது அப்பா, அவரோடு வந்த இரண்டு பெரியவர்கள், எங்கள் ஆச்சி, நாலு பேரும் கல்லில் அடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பெண் பார்த்து, பேசி முடித்து, பந்தக்கால் நட்டிருக்கிற வீடு.

“என்ன ஆச்சி, இங்க என்ன நடக்குது?” என்றார் அப்பச்சி.

ஆச்சி சளைத்தவர் இல்லை. கண் சிமிட்டுகிற நேரத்தில் பதில் வந்தது. “கன்னுக்குட்டியைச் சொல்றாக. கொல்லையில மாடு கட்டியிருக்கு.”

“கன்னுக்குட்டி ராத்திரி எங்கிட்டு இருந்தா என்ன? அதுல என்ன சந்தேகம்?”

ஆச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், ஏதாவது சொல்லித் தொலை என்று இருந்தது. மாடு, சந்தை, சுழி என்று எனக்கும் ஒரு பொய் வாய்வரை வந்துவிட்டது. இத்தனை ஊர் சுற்றியவனுக்குப் பொய்க்குப் பஞ்சமில்லை. ஆனால் அதற்குள் டாக்டரம்மா வெளியே வந்து, என் தட்டிலிருந்து எண்ணிக்கை எழுதிய கன்னி பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டார். யாரோ தமிழில் தப்பாகச் சொல்கிறார்கள், திருத்த வேண்டும் என்ற ஒரே எண்ணம் அவர் முகத்தில்.

“கன்றுக்குட்டி இல்லை ஐயா. கன்னி. என் கையில பாருங்க, இருபது கன்னிக இருக்காக.”

வந்த பெரியவர்களில் ஒருவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு எழுந்தே விட்டார். இந்த இடத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் பேச விரும்புவது. பொய் சொல்வதற்கு அவகாசம் இருந்தது. இன்னும் இரண்டு பொய் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பாமல் போயிருப்பார்கள், ஆச்சியின் சம்பந்தம் முறிந்திருக்கும், அன்று மாலைக்குள் எங்கள் பாட்டில்கள் தெருவில் கிடந்திருக்கும். டாக்டரம்மாவிடமிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டுபோய் அப்பச்சியின் முன்னால் ஜமக்காளத்தில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கூப்பிடாமலே உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இது ஈ, இது பெண் ஈ, இதை ஏன் பிரிக்கிறோம், எதனோடு சேர்க்கப்போகிறோம், சந்தேகப்பட்ட ஒன்றை ஏன் விலக்குகிறோம். பெரியவர்கள் முன்னால் சொல்லக் கூசுகிற இடங்களில் மாட்டை உதாரணத்துக்கு இழுத்துக்கொண்டேன். ஆக ஆச்சியின் மாடு வீண்போகவில்லை. அப்பச்சி மலாயாவில் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர், ஒட்டுக் கட்டின மரம், நல்ல பால் மரம் என்று பார்த்துப் பழகிய கண். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப மாப்பிள்ளை ஈ எப்படி இருக்கணும்?” என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

“ஈ இனம் ஒன்றாக இருக்க வேண்டும் ஐயா. ஆனால் வரிசை வேறாக இருக்கணும்.”

அப்பச்சி கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினார். “சாதி ஒண்ணா இருக்கணும், கோயில் வேறயா இருக்கணும். இதைத்தானப்பா நாமளும் பார்க்கிறோம். இவுக அதுக்கு ஆபீசு போட்டிருக்காக.”

அவர்கள் கல்யாணத்தில் ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அதைத்தான் சொன்னார். எழுந்தவர் உட்கார்ந்தார். ஆச்சிக்கு மூச்சு வந்தது. எனக்கும் வரத் தொடங்கிய நேரத்தில் முகப்பில் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. மலேரியாக்காரர்கள் அரசாங்க ஊழியர்கள், சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள் என்று ஆச்சி நம்பியிருந்தார். முன்னதாகவே வந்துவிட்டார்கள். முன் கட்டில் ஒரு சுவர் ஏற்கெனவே வெள்ளையாகியிருந்தது.

டாக்டரம்மா அப்படியே தூணில் சாய்ந்துவிட்டார். அப்பச்சி அவரைப் பார்த்தார்.

“இந்த வரிசை செத்துப்போனா மறுபடி கிடைக்குமா?”

“கிடைக்காது ஐயா. இரண்டு வருஷம். வேற எங்கயும் இல்லை.”

கல்யாண வீட்டில் சம்பந்தி சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. அது நம்முடைய எந்த விதிமுறையிலும் இல்லாத அதிகாரம். அன்றைக்கு அது எங்கள் பக்கம் திரும்பியது. அவர் மருந்து அடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆச்சி வீட்டுக் காரியத்தில் கைவைக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது, பாட்டில்களைக் காரில் ஏற்றுங்கள் என்றார். ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லாருக்கு. கழுத்துல தாலி ஏறுறதுக்கு முன்னாடியே இந்த வீட்டுக் கன்னிக எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போறாக. ஊர் என்ன பேசும்?”

“சீர் வேண்டாம், ஈயே போதும்னு சொல்லிட்டோம்னு பேசும்,” என்றார் அப்பச்சி.

பழைய கறுப்புக் கார். பெரியவர்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் வர ஒத்துக்கொண்டார்கள். முன்சீட்டில் அப்பச்சி, பின்னால் நானும் டாக்டரம்மாவும், மடியிலும் காலடியிலும் பாட்டில் பெட்டிகள். ஒரு பெட்டியில் வெயில்காரிகள், பிரித்த கன்னிகள் உட்பட. இன்னொன்றில் சாதாரண வரிசை, அதில்தான் மாப்பிள்ளை ஈக்கள். எல்லாவற்றின் மேலும் ஈரத்துண்டு. ஒரு தகர டின்னில் தண்ணீர். உச்சி வெயில், கதவைத் தொட்டால் கை பொத்துப்போகும். பாதி வழியில் காரின் முன்மூக்கிலிருந்து புகை வந்தது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் நகராது என்றார். அந்த ரோட்டில் கண்ணுக்கெட்டியவரை கருவேல மரம்தான். துண்டுகள் காய்ந்து மொடமொடத்தன. டின்னில் இருந்த தண்ணீர் காருக்குக் காணும், அல்லது துண்டுகளுக்குக் காணும். இரண்டுக்கும் காணாது.

காருக்கு ஊற்றினால் போய்ச் சேரும்வரை பாட்டில்கள் வெயிலில் வேகும். துண்டை நனைத்தால் நடுரோட்டில் நிற்போம், துண்டு மறுபடி காயும். பாதிப் பாதி என்றேன். அது இரண்டுக்கும் ஆகாத யோசனை என்று சொல்லும்போதே தெரிந்தது. டாக்டரம்மா டின்னை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் நீட்டினார்.

“எல்லாத்தையும் ஊத்துங்க.”

“அம்மா, துண்டு காஞ்சிருச்சு” என்றேன்.

“அண்ணே, இவுக வெயில் தாங்குவாகன்னு ரெண்டு வருஷமா நான்தானே எழுதிக்கிட்டு இருக்கேன். தாங்கலைன்னா நான் எழுதினது பொய். அது இன்னைக்கே தெரியட்டும்.”

மிச்ச வழியெல்லாம் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாட்டிலைப் பார்க்கவில்லை. நான் துண்டை விலக்கிப் பார்த்தேன், சொல்லத் தைரியம் வரவில்லை. சாதாரண வரிசை ஒவ்வொன்றாகக் களியில் விழுந்துகொண்டிருந்தது.

பள்ளத்தூர் வீட்டின் உள் அறை குளிர்ந்து கிடந்தது. பெட்டிகளை இறக்கி வைத்துத் துண்டை எடுத்தோம். சாதாரண வரிசை முழுக்கச் செத்திருந்தது. வெயில்காரிகள் கள் குடித்தவர்கள் மாதிரி தள்ளாடித் தள்ளாடிப் பாட்டில் சுவரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒன்று விழும், மறுபடி ஏறும். டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், வங்காளத்தில் என்னென்னவோ சொன்னார். தலைமையகத்தின் எந்தக் கருவியாலும் காட்ட முடியாத சோதனையைச் செட்டியாரின் பழைய கார் காட்டிவிட்டிருந்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் கழித்துத்தான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கன்னிகள் இருக்கிறார்கள், மாப்பிள்ளை இல்லை. நாள் கடத்தினால் இந்த ஈக்களுக்கு வயதாகிவிடும். வடக்கேயிருந்து புது வரிசை வர எத்தனையோ நாள் ஆகும்.

அப்பச்சி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து மாப்பிள்ளைக்குக் குறையா?” என்று பழம் வைத்திருந்த அறையைத் திறந்துவிட்டார். அங்கேயும் வாழைத்தார்கள் தொங்கின, அங்கேயும் பொடி ஈக்கள். டாக்டரம்மா தயங்கினார். இது சுத்தமான வரிசை இல்லை, ஊர் ஈ. தலைமையகத்தில் முகம் சுளிப்பார்கள். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். ஊர் ஈ என்றே எழுதிவிடுவோம், எழுதாமல் மறைத்தால்தான் தப்பு என்றார். சாயந்திரம்வரை நானும் அவருமாகப் பிடித்துப் பிடித்து, இனம் பார்த்து, வால் கறுப்பை அடையாளம் வைத்து ஆண்களை மட்டும் பொறுக்கினோம். வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, இந்த மாப்பிள்ளை நல்ல நிறம், அது ஒல்லி என்று பேசிவிட்டுப் போனார்கள்.

கலப்புப் பிடித்தால் இந்த இரண்டு அறையையும் எவ்வளவு நாளானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பச்சி சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் டாக்டரம்மா ஊருக்குப் போக வேண்டியதுதான். அவ்வளவு சின்ன வயதுக்காரருக்கு இன்னும் இரண்டு வருசம் யார் கொடுப்பார்கள்?

கல்யாணத்தன்று டாக்டரம்மா பள்ளத்தூரில் பாட்டில்களோடு இருந்துகொண்டார். எல்லாரும் காரைக்குடிக்கு வந்துவிட, அந்தப் பெரிய வீட்டில் அவரும் ஒரு காவல்காரரும் மட்டும். ஆச்சி என்னை விடவில்லை. ஒங்க ஈயால வந்த வேலை, வந்து பந்தியில தண்ணி ஊத்துங்க என்று கூப்பிட்டுவிட்டார். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தது. சம்பந்தி வீட்டார் வரிசையாக இருந்தார்கள், நடுவில் அப்பச்சி. பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலையில் பருப்பும் நெய்யும் விழுந்து, எல்லார் கையும் வாய்க்குப் போகிற நேரம்.

முகப்பிலிருந்து டாக்டரம்மா ஓடிவந்தார். பஸ் பிடித்து வந்திருக்கிறார், தலைமுடி கலைந்து, ஒரு செருப்பைக் காணோம். கையில் பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். வளவு முழுக்கக் கேட்கிற மாதிரி, சுத்தமான தமிழில் கத்தினார்.

“அண்ணே, புழு. எல்லாத்துலயும் புழு.”

பந்தி அப்படியே நின்றது. வாய்க்குப் போன கைகள் பாதியில் நின்றன. ஒரு பெரியவர் வடையைப் பிட்டு உள்ளே பார்த்தார். சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். ஆச்சியை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை. நல்ல சேதியைக்கூட இடம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லலாம்தான். ஆனால் இரண்டு வருசம் காத்திருந்தவர் இடம் பார்ப்பாரா?

அப்பச்சி மட்டும் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“உசுரோடயா?”

“உசுரோட ஐயா. நெளியுது.”

அவர் ஆச்சி பக்கம் திரும்பினார். “பார்த்தீகளா ஆச்சி, பள்ளத்தூர் மாப்பிள்ளைக சோடை போகலை. பாயசத்தை ஊத்தச் சொல்லுங்க.”

முதலில் சிரித்தது மணப்பெண்தான்.